இரண்டு முகமும் நான்

டெய்ன்மத்,
14 ஜனவரி 1873

இல்லை அக்கா, அப்பா படம் முழுவதையும் சுரண்டவில்லை. உன் முகத்தை மட்டும்தான்.

நீ போன மறுநாள் காலை அது நடந்தது. அப்பா கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு டீ கேட்டார். உன் பச்சை உடை அப்படியே இருக்கிறது. தொப்பி இருக்கிறது. வில்லின் நாணை இழுக்கும் கை இருக்கிறது. தொப்பிக்குக் கீழே கித்தான் தெரிகிறது. பக்கத்தில் நான் அம்பைத் துடைத்தபடி நிற்கிறேன், முகமில்லாத ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

உன் பெயரை அவர் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கெசையா பழக்கதோஷத்தில் மூன்று தட்டு வைத்துவிட்டாள்.

"யாராவது விருந்தாளி வர்றாங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க ஐயா. கை தானா வெச்சிடுச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுக்களையில் அது வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது.

மாடியிலிருந்து அந்த ஆளுயர மரப்பொம்மையைக் கொண்டுவந்தாயிற்று. நீ விட்டுப்போன உடையை அதற்கு மாட்டியது நான். முதுகுக் கொக்கிகளை நான்தான் போட்டேன். உன் முழங்கையைத் தாங்கிய அதே நாடாவில் அதன் முழங்கை தொங்குகிறது. வெளிச்சம் இருக்கும் வரை அதன் பக்கத்தில் நிற்கிறேன். அது நன்றாக நிற்கிறது.

"பாரு, மரக்கட்டை உன்னைவிட ஒழுங்கா நிக்குது" என்கிறார்.

"அதுக்கு மூக்கு அரிக்காதுப்பா."

சிரிக்கவில்லை. முன்பு சிரித்திருப்பார்.

கோபமா என்று கேட்டிருக்கிறாய். எந்தக் கையால் நாண் இழுப்பது என்பதற்கெல்லாம் ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது கோபமா, தெரியவில்லை.

அடேலா

*

சண்டர்லாந்து,
19 ஜனவரி

அடேலா,

கையைப் பற்றிய சண்டை என்று அவர் சொன்னாரா? சொல்லியிருப்பார். சின்ன விஷயமாகத் தெரியும், எனக்கும் அசட்டுப்பட்டம் கிடைக்கும்.

நான் இடக்கைக்காரி. வில்லை வலக்கையில் பிடிப்பேன், இடக்கையால் இழுப்பேன். டெய்ன்மத் முழுக்கத் தெரியும். "அப்படி வரைஞ்சா பாக்கறவன் எனக்குக் கை வரையத் தெரியலைன்னு நினைப்பான். மாத்திப் பிடி" என்றார். மாற்றிப் பிடித்தேன். ஒரு மாதம். நாடாவில் முழங்கையைத் தொங்கவிட்டு, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு பெண்ணாக நின்றேன். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சொன்னது வேறு. வடக்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். தூரிகையைக் கீழே வைக்காமல், "படம் முடியட்டும்" என்றார். இந்தப் படம் முடிந்தால் அடுத்த படம், அடேலா. போன வருஷம் குரோக்கே, இந்த வருஷம் வில், வரும் வருஷம் பனிச்சறுக்கு. நாம் விளையாடியதைவிட விளையாடுவதுபோல் நின்றதுதான் அதிகம். "இப்பவே போறேன்" என்றேன். "போனா திரும்பி வராதே." அவ்வளவுதான்.

உன்னிடம் சொல்லாமல் கிளம்பியது தப்பு. சொல்லியிருந்தால் உன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டிருப்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் தலைமையாசிரியை மிஸ் ஓகில்பிக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லித்தர ஆள் வேண்டும். உன்னைப் பற்றிச் சொன்னேன். ஈஸ்டர் வரை காத்திருப்பாள். அதற்கு மேல் முடியாது. வா.

இங்கே எல்லாம் கரி. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் உன் பெயரை எழுதலாம். கப்பல் கட்டும் இடத்திலிருந்து நாளெல்லாம் சம்மட்டிச் சத்தம். என் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் என் கோட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஹெஸ்டர்

*

டெய்ன்மத்,
6 பிப்ரவரி

அக்கா,

வருகிறேன்.

இப்படி எழுதிப் பார்த்துவிட்டு ஒரு சுற்று கடற்கரைக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் அந்தச் சொல் மேசைமேல் அப்படியே இருந்தது.

ஆனால் படம் லண்டன் கண்காட்சிக்குப் போனபிறகு. மார்ச் கடைசியில் அனுப்ப வேண்டும். பாதியில் விட்டு நானும் போனால் அது கொடுமை. போன வருஷப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுவும் அங்கே சுவரில் தொங்கவில்லை என்றால் அவருக்கு என்ன இருக்கிறது?

அவரிடம் சொல்லியாயிற்று. காலை உணவின்போது. "படம் போனதும் நான் அக்காகிட்ட போறேம்பா. அங்க எனக்கு ஒரு வேலை இருக்கு."

முட்டையின் ஓட்டைத் தட்டிக்கொண்டே, "முதல்ல படம் போகட்டும்" என்றார்.

உன் முகத்துக்கு ஆள் தேடினார். பாதிரியாரின் தங்கை வந்தாள், ஜலதோஷத்தோடு. கடற்காவல்காரரின் மகள் வந்தாள். நல்ல முகம், ஆனால் ஓயாமல் பேசினாள். அப்பா எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் தானே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நேற்று என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் திரும்பு. கொஞ்சம் மேல. அப்படியே இரு" என்றார்.

அக்கா, அந்த வில்பிடித்த பெண்ணுக்கு இப்போது என் முகம். அம்பு துடைக்கிறவளுக்கும் என் முகம். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். புல்வெளியில் நான் என்னோடு விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

கெசையா தேநீர்த் தட்டோடு வந்து நின்று பார்த்தாள். "ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு சின்னம்மா. நல்லதுதான். ஒருத்திக்குச் சோறு போட்டா போதும்."

அடேலா

*

சண்டர்லாந்து,
10 பிப்ரவரி

என் உடம்பில் உன் தலை. சரி. எனக்கு அந்தத் தலையைப் பிடிக்கும்.

மார்ச் கடைசி என்று மிஸ் ஓகில்பியிடம் சொல்லிவிட்டேன். "உன் தங்கச்சி உன்னை மாதிரி எதுத்துப் பேசுவாளா?" என்று கேட்டாள். "இல்லை, அவள் எல்லாத்தையும் கேட்டுக்குவா" என்றேன். எழுதும்போது இது உன்னைப் பற்றிய புகழ்ச்சியா என்று சந்தேகம் வருகிறது.

நேற்று ஞாயிறு. தேவாலயத்தில் "ஆமென்" சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மாலையில் வீட்டுக்காரி கதவைத் தட்டி, "விளக்குக்கு எண்ணெய் இருக்கா கண்ணு?" என்றாள். பதில் சொல்ல என் குரலைத் தேட வேண்டியிருந்தது.

சீக்கிரம் வா. பிரிஸ்டலில் வண்டி மாற வேண்டும். நம் பக்கத்துத் தண்டவாளம் வேறு அகலம். பெட்டிகளை இறக்கி ஏற்றுகிற கூட்டத்தில் நின்றுவிடாதே.

ஹெ.

*

டெய்ன்மத்,
7 மார்ச்

அக்கா,

அப்பா கைகளை மாற்றுகிறார்.

திங்கட்கிழமை நான் உள்ளே போனபோது வில்லாளியின் இரண்டு கைகளும் இல்லை. தோள் வரை சுரண்டியிருந்தார். படம் போக இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அப்பா மரப்பொம்மையின் கைகளைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். வில் அதன் வலக்கைக்குப் போனது. நாண் இடக்கைக்கு வந்தது.

உன் கைகள், அக்கா. நீ பிடிப்பது போலவே.

"ஏம்பா?" என்றேன்.

"வெளிச்சம்."

"வெளிச்சம் அதே பக்கத்திலிருந்துதானே வருது?"

"நீ நில்லு."

நின்றேன். அவர் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சாப்பிடுவதில்லை. கெசையா ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி வண்ணத்தட்டின் பக்கத்தில் வைக்கிறாள். சில துண்டுகளால் கரிக்கோடுகளை அழிக்கிறார், சிலவற்றைத் தின்கிறார். எது எதற்கு என்று அவருக்கே தெரிகிறதா என்று தெரியவில்லை.

அடேலா

*

சண்டர்லாந்து,
10 மார்ச்

கேட்டுச் சொல். வெளிச்சமா, நானா?

வேண்டாம். கேட்காதே.

உன் படுக்கை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன்.

ஹெ.

*

டெய்ன்மத்,
17 மார்ச்

அக்கா,

படம் முடிந்துவிட்டது, ஒரு தவறோடு. அதை நான் மட்டும் பார்த்திருக்கிறேன்.

முன்கையில் கட்டும் தோல்பட்டை. அது தவறான கையில் இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை: நாண் திரும்பி வந்து அறைவது வில்லைப் பிடித்த கையை. பட்டை அங்கே இருக்க வேண்டும். படத்தில் வில் வலக்கையில், பட்டை இடக்கையில். பொம்மைக்குப் பட்டை கட்டியது நான்தான், ஜனவரியில், அப்போது வில் இடக்கையில் இருந்தது. அவர் கைகளைத் திருப்பி மாட்டியபோது பட்டையைக் கழற்றி இடக்கையிலேயே மறுபடி கட்டியிருக்கிறார். அவருக்கு வில் தெரியாது. வாழ்நாளில் ஒரு அம்பு விட்டதில்லை.

வரும் ஞாயிறு ஊரார் படம் பார்க்க வருவார்கள், எப்போதும்போல, லண்டனுக்குப் போகுமுன். வில் சங்கம் மொத்தமும் வரும். மிஸஸ் பிட்ஸ்லி மூக்குக்கண்ணாடியோடு முதலில் வருவாள். பார்த்த நொடியில் சொல்லிவிடுவாள்.

நான் முன்பே சொன்னால் அவர் சுரண்டுவார். அவரைத் தெரியும் உனக்கு. பட்டையோடு நிற்கமாட்டார். கை, அங்கியின் மடிப்பு, பின்னாலுள்ள மரம் என்று போகும். வண்ணம் காயாது. படம் போகாது. படம் போகாவிட்டால் அவரை விட்டு நான் வர முடியாது. ஈஸ்டர் போய்விடும்.

சொல்லாவிட்டால் அவரைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். நான் ரயிலில் இருப்பேன்.

என்ன செய்யட்டும்? தபாலில் உடனே எழுது.

அ.

*

சண்டர்லாந்து,
19 மார்ச்

சொல்லாதே.

சிரிக்கட்டும். டெய்ன்மத்தில் பத்துப் பெண்கள் சிரிப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார்கள். லண்டனில் யார் வில் பிடித்திருக்கிறார்கள்? உடையைப் பார்ப்பார்கள், புல்லைப் பார்ப்பார்கள், அழகான பெண்கள் என்பார்கள்.

ஒரு தோல்பட்டைக்காக உன் வருஷங்களைக் கொடுக்காதே. வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டு. நான் இதைக் கெஞ்சி எழுதுகிறேன். கெஞ்சுவது எனக்கு வராது, அதனால் அதட்டலாகத் தெரியும்.

ஹெஸ்டர்

*

டெய்ன்மத்,
26 மார்ச்

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் பையில் இருந்தது. சனிக்கிழமை மதியம் அவர் ஓவியச்சாலையில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார், தானே, மறுநாள் வருகிறவர்களுக்காக. அந்த விளக்குமாற்றைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"அப்பா, பட்டை தப்பான கையில இருக்கு."

பெருக்குவதை நிறுத்தாமல், "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அவ அப்படித்தான் கட்டிப்பா."

பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். நீ பன்னிரண்டு வயதில் வில் பழகப் போனாயாம். மிஸஸ் பிட்ஸ்லி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எல்லாருக்கும் இடக்கையில் பட்டை கட்டச் சொன்னாளாம். வரிசை பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று. நீ வலக்கையில் வில்லைப் பிடித்துக்கொண்டு, இடக்கையில் பட்டை கட்டிக்கொண்டு, அந்தக் கோடை முழுவதும் எய்தாயாம். வலது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றி நீலமாக இருக்குமாம்.

"ஒரு வார்த்தை சொல்லல அவ. நீளக் கை சட்டை போட்டுக்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில உக்காருவா. உப்ப எடுத்துக் குடுக்கும்போது பார்த்தேன். வினிகர்ல துணிய நனைச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். கதவ இவ்வளவுதான் திறந்தா. கைய மட்டும் நீட்டினா."

அவர் தன் முன்கையைக் காட்டி, விரலால் அந்த இடத்தை எனக்குக் காட்டினார்.

இத்தனை நாளும் அவர் இதைத்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் கேட்டேன்: "நான் அப்ப எங்கப்பா இருந்தேன்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அக்கா. அதுதான்.

"நீ சின்னவ. உள்ள எங்கயாவது இருந்திருப்ப."

ஞாயிறு எல்லாரும் வந்தார்கள். மிஸஸ் பிட்ஸ்லி கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "லஸ்கோம், இந்தப் பொண்ணுக்குக் கை வீங்கிடும் பாத்துக்குங்க" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. அவளுக்கு அந்த வரிசை எதுவும் நினைவில்லை. அப்பா அவளுக்குக் குங்குமப்பூ கேக் எடுத்துக் கொடுத்தார். "ஆமாம், வீங்கும்" என்றார்.

ஒரு கிழவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இதுல நீ யாரும்மா?" என்றார். அம்பு துடைக்கிறவள் என்றேன். பிறகு பார்த்தேன். அவளுடைய விரல்களை நான் அடுக்களையில் இருந்தபோது பொம்மையை வைத்து முடித்திருக்கிறார். நகங்கள் இல்லை.

இரண்டு முகமும் நான். நான் எங்கேயும் இல்லை.

படம் நேற்று பெட்டியில் ஏறிப் போய்விட்டது. வருகிற வாரம் கிளம்புகிறேன்.

அடேலா

*

சண்டர்லாந்து,
28 மார்ச்

அடேலா,

உன் கடிதத்தை வகுப்புக்கு முன் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. பிள்ளைகளிடம் நதிகளின் பெயர்களைத் தப்பாகச் சொன்னேன்.

அந்தத் துணியை நீ கொண்டுவந்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இல்லை, பொய். கெசையா என்று நினைத்தேன். கதவிடுக்கில் முகம் தெரியவில்லை. வினிகர் வாசம் மட்டும்.

என் கையை எத்தனை முறை பார்த்தேன் தெரியுமா இன்று. அதில் ஒன்றும் இல்லை.

அவர் கிழவராகிவிட்டாரா? தானே பெருக்கினார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. படமும் போய்விட்டது. நீயும் அடுத்த வாரம் வந்துவிட்டால் அந்த வீட்டில் அவரும் கெசையாவும். மரப்பொம்மையும்.

கோபப்படாமல் படி. இப்போதைக்கு வராதே. கோடை வரை இரு. விடுமுறையில் நான் அங்கே வருகிறேன், அவர் விட்டால். அதற்குப் பிறகு பார்க்கலாம். அவரைத் தனியாக விடும் நேரம் இது இல்லை. உனக்கு அது என்னைவிடச் சுலபம், நீ எப்போதும் அவரோடு ஒத்துப்போகிறவள்.

மிஸ் ஓகில்பியிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன். வருத்தப்படுவாள், வேறு யாரையாவது பார்த்துக்கொள்வாள்.

அவர் காப்பாற்றி வைத்திருந்தது என் கையை. அதை நினைத்தால் எழுத முடியவில்லை.

ஹெஸ்டர்

*

டெய்ன்மத்,
30 மார்ச்

அக்கா,

நீ சொன்னதை மூன்று இடங்களில் உட்கார்ந்து படித்தேன். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றையேதான் சொல்கிறது.

நீ போனபோது நான் இருந்தேன். நீ வரலாம் என்பதற்காக இன்னும் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும். நான் நன்றாக நிற்பேன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும்.

மிஸ் ஓகில்பிக்கு நானே எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. குறித்த நாளில் வருகிறேன் என்றும், பள்ளியிலேயே தங்க ஒரு மூலை கிடைக்குமா என்றும். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை வீட்டுக்காரியிடம் திருப்பிக் கொடுத்துவிடு. உன்னிடம் நான் வரவில்லை. வேலைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ளலாம். பேசக் குரல் தேட வேண்டியிருந்தால் சேர்ந்து தேடலாம்.

நீ கோடையில் இங்கே வா. வருவதாக அவரிடம் சொன்னேன். முதல்முறையாக உன் பெயரைச் சொன்னார். "ஹெஸ்டர் கறுப்பா எதையாவது போட்டுக்கிட்டு வருவா" என்றார். வந்தால் வேறு எதையாவது போட்டுக்கொள்.

நான் போவதையும் அப்போதே சொன்னேன். கடல் அலை ரயில்பாதைச் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் என்னைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் அறிந்ததில்லை. ஏதோ அளவெடுப்பது போல. கரித்துண்டை எடுத்தார்.

"அந்த ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நில்லேன்" என்றார்.

"பெட்டி கட்டணும்பா."

"கொஞ்ச நேரம்தான்."

அவர் கேட்பதை நான் மறுத்ததில்லை, உனக்குத் தெரியும். என் கால்கள் ஜன்னலை நோக்கித் திரும்பிவிட்டன. அவற்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"ஞாபகத்துலேருந்து வரையுங்கப்பா" என்றேன்.

கரித்துண்டு அவர் கையிலேயே இருந்தது. நான் கதவைச் சாத்தவில்லை.

அடேலா

*

அடேலா செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் கிளம்பினாள். பிரிஸ்டலில் மாறினாள். சண்டர்லாந்தில் இறங்கி, ஒரு கூலியாளிடம் வழி கேட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய் மிஸ் ஓகில்பியின் கதவைத் தட்டினாள்.